விழாத வார்டில் நடக்காத கால்கள்

கையில் மணியும் கண்ணில் கடிகாரமுமாக எங்களையெல்லாம் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கும், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே கொண்ட அவைத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைத்தட்டல் அத்தனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய் ஒன்றும் தெரியாதவர்கள் போல அமர்ந்திருக்கும் ஆற்றல்மிகு பேச்சாளர்களே! ஊசி பிடிக்கக் கற்றுத் தருமுன் நோயாளியின் கையைப் பிடிக்கக் கற்றுத் தந்த ஆசிரியப் பெருந்தகைகளே! ஓய்வு பெற்றும் ஓய்ந்து உட்காரத் தெரியாத மூத்த செவிலியர்களே! பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்து, இத்தனை பேச்சையும் பொறுத்துக்கொண்டிருக்கும் பொறுமைக் கடலாம் தாய்மார்களே, அவர்கள் பக்கத்தில் கண் அசந்துகொண்டிருக்கும் தந்தைமார்களே! இன்று புதிதாய்ப் பணிக்குப் புறப்படும் என் தங்கைகளே, தம்பிகளே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நல்லவர்களே! உங்களைத்தான் நான் முதலில் அழைத்திருக்க வேண்டும், நின்றே வேலை பார்க்கிற தொழிலில் நிற்பவர்களுக்குத்தான் முதல் மரியாதை. உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

என்னை அறிமுகம் செய்த அன்பர் அருமையாகப் பேசினார். "செவிலியராக இருந்து, அதையெல்லாம் விட்டு உயர்ந்து, இன்று சுகாதாரத் துறையின் கொள்கைக் குழுவில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறார்" என்றார். அன்புக்கு நன்றி. ஆனால் அன்பரே, எதை விட்டேன்? எங்கே உயர்ந்தேன்? நான் வேலை பார்த்த வார்டு இருந்தது இரண்டாம் மாடியில். குழுவின் அலுவலகம் இருப்பது தரைத்தளத்தில். நியாயமாகப் பார்த்தால் நான் இறங்கித்தான் வந்திருக்கிறேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் இன்று நான் பேச வந்ததே இந்த "விட்டு" என்ற பேச்சைப் பற்றித்தான். கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து விதி எழுதுகிற ஒருத்திக்கு, கட்டில்களுக்கு நடுவே ஓடிய காலம் எதற்கு? ஊசி போட்ட கைக்குக் கொள்கை எழுதும் மேசையில் என்ன வேலை? குழுவில் சேர்ந்த புதிதில் இதை என்னிடமே கேட்டவர்கள் உண்டு. மரியாதையாகத்தான் கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டால் வலிக்காது என்று யார் சொன்னது?

தாய்மார்களே, கொள்கை என்றதும் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று மிரண்டுவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் யாரை எப்போது பார்க்கலாம், ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள், எந்த மருந்து எங்கே இருக்க வேண்டும், இப்படி ஆயிரம் விதிகள் இருக்கின்றனவே, அவற்றை எழுதுகிற வேலைதான் அது. விதி எழுதுவதை மருந்து எழுதுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லது நடக்கட்டும் என்றுதான் எழுதுகிறார்கள். நோயாளியைக் கெடுக்க வேண்டும் என்று மருந்து எழுதுகிற டாக்டரும் இல்லை, மக்களைக் கெடுக்க வேண்டும் என்று விதி எழுதுகிற அதிகாரியும் இல்லை.

ஆனால் மருந்து எழுதியதோடு முடிந்துவிடுகிறதா? தங்கைகளே, நீங்கள் சொல்லுங்கள். ஒரு நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டு என்ன செய்வாள்? ஆம், அங்கே அந்த மூன்றாம் வரிசைப் பெண் சொல்கிறாள், சத்தமாகச் சொல்லம்மா! "திரும்பி வந்து பார்ப்போம்." பார்த்தீர்களா! முதல் வருடப் பாடம். காய்ச்சல் இறங்கியதா? தோலில் தடிப்பு வந்ததா? தலை சுற்றுகிறதா? வயிற்றைப் புரட்டுகிறதா? கொடுத்த கை திரும்பி வரும், கொடுத்த கண் திரும்பிப் பார்க்கும், கொடுத்த வாய் திரும்பிக் கேட்கும். அது நம் புத்தியில் இல்லை, காலில் இருக்கிறது. கால் தானாகத் திரும்பிப் போகும்.

விதி என்ற மருந்தைக் கொடுத்துவிட்டு யார் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விதான் எனக்குச் சீதனம். வார்டிலிருந்து குழுவுக்கு நான் கொண்டுபோனது இது ஒன்றுதான்.

ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. ஆட்களின் பெயர் சொல்ல மாட்டேன், நோயாளியின் ரகசியம் காப்பதும் நம் முதல் வருடப் பாடம்தானே?

எங்கள் குழுவின் தலைவர் ஒரு புள்ளிவிவரப் பெரியவர். அலுவலகத்தில் அவருக்குச் "சதவீதம் சார்" என்று செல்லப் பெயர். அவருக்கும் அது தெரியும். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட "நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை" என்று ஒப்பிட்டுத்தான் சொல்வார். அவர் நான் சேர்வதற்கு முன்பே ஒரு விதி கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிகள் வழுக்கி விழுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும். விழாத வார்டுக்குக் கேடயம். விழுந்த வார்டுக்கு விளக்கம் கேட்டு மெமோ.

தப்பா? தப்பே இல்லை. வயதானவர் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? சதவீதம் சாரின் அண்ணன் ஓர் ஆஸ்பத்திரிக் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த வலியிலிருந்து பிறந்த விதி அது. அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன், தெரிந்தபின் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

விதி வேலை செய்தது! வார்டுகளில் விழுவது சரசரவென்று குறைந்தது. அந்த ஆண்டுக் கேடயம் வாங்கப்போகிற வார்டு யாருடையது என்று பார்த்தால், என் தோழியுடையது! விடுதியில் ஒரே அறையில் என்னோடு இருந்தவள். அவள் நடக்கிற வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் "புயல்". வார்டுக்குள் அவள் நுழைந்தால் ஜன்னல் திரை ஆடும். அந்த வார்டில் அவள்தான் இப்போது ஹெட் சிஸ்டர். கேடயத்தைக் கொடுக்கக் குழுவின் சார்பில் நான் போனேன். தோழிக்குத் தோழி கேடயம் கொடுப்பதைவிடப் பெருமை உண்டா?

போனேன். வார்டு பளபளவென்று இருந்தது. தரை துடைத்து வைத்த பாத்திரம் போல மின்னியது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளும் தூக்கி மாட்டியிருந்தன. எல்லாரும் படுத்திருந்தார்கள். கூட வந்த அதிகாரி ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு ஒரு வாக்கியம் சொன்னார். தங்கைகளே, வார்டில் யாரும் சொல்லக் கூடாத வாக்கியம் எது?

ஆமாம்! அதேதான்! "இன்னைக்கு வார்டு ரொம்ப அமைதியா இருக்கே!" பார்த்தீர்களா, தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் எல்லாரும் எப்படிப் பதறிச் சிரிக்கிறார்கள்! அதைச் சொன்னால் அடுத்த கணமே நாலு அவசர கேஸ் ஒன்றாக வரும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அங்கிருந்த நர்சுகள் எல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். நானும் கடித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அது காலை நேரம். மருத்துவமனை வார்டு காலையில் அமைதியாக இருக்குமா? யாராவது பல் துலக்கப் போக வேண்டாமா? யாராவது பக்கத்துக் கட்டில்காரரிடம் பேப்பர் வாங்கப் போக வேண்டாமா? சரக் சரக் என்று ஒரு செருப்புச் சத்தமாவது கேட்க வேண்டாமா?

குனிந்து பார்த்தேன். எந்தக் கட்டிலுக்கு அடியிலும் செருப்பே இல்லை.

பிறகு தெரிந்தது. நோயாளி சேர்ந்ததும் முதல் வேலையாகச் செருப்பை வாங்கி, கட்டில் எண் எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். செருப்பு இல்லாவிட்டால் இறங்க மாட்டார்கள். இறங்காவிட்டால் நடக்க மாட்டார்கள். நடக்காவிட்டால் விழ மாட்டார்கள். விழாவிட்டால் மெமோ இல்லை! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை நாம் சின்ன வயதில் கேட்டோம். நான் அதன் நடுவில் கேடயத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முறுக்கு மீசை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டி வந்தவர், சளி கரைந்துவிட்டது, மூச்சு சீராகிவிட்டது. ஆனால் போர்வையை விலக்கிப் பார்த்தால் கால் இரண்டும் குச்சி மாதிரி. வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் கால் என்ன ஆகும்? பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "எப்படிக்கா இருக்காரு?" என்று கேட்டேன்.

"நோவு போயிடுச்சும்மா. கால்தான் போயிடுச்சு" என்றார் அந்த அக்கா. "வரும்போது என் கையைக்கூடப் பிடிக்காம அவரே நடந்துதான் வந்தாரு. இப்ப எழுந்தா திட்டுறாங்க. எழாம இருந்தா நல்ல பேஷண்ட்டுங்கிறாங்க."

டிரைவர் சும்மா இருப்பாரா? "பிரேக்கைப் போட்டு வண்டியை ஷெட்டுல விட்டாச்சும்மா. இனி இஞ்சின் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். அந்த அக்கா சிரிக்கவில்லை.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. படி ஏற முடியாதவரை எப்படி அங்கே கொண்டுபோவது? மகன் தொலைவில் வேலை பார்க்கிறார். நல்ல பிள்ளைதான், தினமும் போன் செய்கிறார். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் தரைத்தளத்தில் அப்பாவுக்கு ஓர் இடம் பேசி முடித்துவிட்டார். மாதக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. அங்கே ஓர் ஆளுக்குத்தான் இடம்.

அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் ஆனதிலேருந்து ஒரு நாள் பிரிஞ்சதில்லம்மா. டூட்டிக்குப் போனாக்கூட ராத்திரி எந்நேரமானாலும் வந்துடுவாரு. அவரை அங்க விட்டுட்டு, நான் மட்டும் மூணாவது மாடியில உக்காந்துகிட்டு என்னம்மா பண்ணப் போறேன்?"

அன்பர்களே, அவர் விழவில்லை! எங்கள் கணக்கில் அவர் வெற்றி! அவரால் அந்த வார்டுக்குக் கேடயம்! விழாத மனிதர், வீடு திரும்பாத மனிதர். நாங்கள் எதை எண்ணினோம்? எதை எண்ணாமல் விட்டோம்? எந்தப் புள்ளிவிவரத்தில் அந்த அக்காவின் கேள்வி ஏறும்?

கேடயத்தைக் கொடுத்தேன். மேடையில் வைத்துத் தோழியை நான் கேள்வி கேட்க மாட்டேன். விழா முடிந்தபின் அவளுடைய சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "என்னடி இது, செருப்பைப் பூட்டி வச்சிருக்கே?"

புயல் அடித்தது. "கேப்பேடி, நல்லாக் கேப்பே! நீ ஏசி ரூமுல உக்காந்து கேப்பே! போன வருஷம் ஒரு பாட்டி பாத்ரூம் போற வழியில விழுந்தாங்க. ஒரு சின்னக் கீறல். அதுக்கு என் நர்ஸ் பொண்ணு ஒருத்திக்கு மெமோ. மூணு நாள் அழுதா, அப்புறம் வேலையை விட்டே போயிட்டா. ஒரு ஷிஃப்ட்டுக்கு எனக்கு எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியுமா உனக்கு? நடக்க வைக்க ஆள் குடு, நடக்க வைக்கிறேன். விழுந்தா நீ பொறுப்பு ஏத்துக்கோ, நாளைக்கே ஓட வைக்கிறேன்!"

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள் கெட்டவள் இல்லை, அவள் பயந்தவள். பயத்தை நாங்கள்தான் பார்சல் கட்டி அனுப்பியிருந்தோம். நல்ல மருந்துதான், ஆனால் பக்க விளைவு பெரிது, திரும்பி வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

சதவீதம் சாரிடம் போனேன். நான் ஏதோ வீர வசனம் பேசி அவரை வாயடைக்க வைத்தேன் என்று எதிர்பார்க்காதீர்கள். வாயடைத்தது நான்தான். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது ஒரு மனுஷனோட கதைம்மா. மனசைத் தொடுது. ஆனா கதையை வச்சு விதி எழுதினா, நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு கதையோட வருவாரு. எல்லா வார்டுக்கும் பொருந்துற மாதிரி என்ன எழுதணும்? அதைச் சொல்லுங்க, எழுதுவோம்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "எங்க அண்ணன் விழுந்தப்போ பக்கத்துல யாருமே இல்லம்மா" என்றார்.

தங்கைகளே, தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டில் நமக்குக் கண்ணீரைப் பார்க்கத் தெரியும். ஒரு கட்டிலின் வேதனையை ஊரிலுள்ள எல்லாக் கட்டிலுக்கும் பொருந்துகிற வாக்கியமாக மாற்றத் தெரியாது. அது வேறு வித்தை. அதை நான் அவரிடம்தான் படித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொடியில் காய்த்த சுரைக்காயைப் பறித்து ஊருக்கே பங்கிட ஏடும் வேண்டுமே!

கூட்டம் மேல் கூட்டம் போட்டோம். வாதாடினோம், எதிர்வாதம் செய்தோம், ஆறிய டீயைக் குடித்தோம். கடைசியில் அவர் ஒரு வார்டுக்கு மட்டும், புயலின் வார்டுக்கு மட்டும், சோதனையாக அனுமதி கொடுத்தார். நோயாளியை நர்ஸ் பக்கத்தில் நின்று நடக்கப் பழக்கலாம். அப்படிப் பழக்கும்போது விழுந்தால் மெமோ கிடையாது, ஆனால் உடனே தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாக இல்லை, கையெழுத்துப் போட்டே கொடுத்தார்.

என்ன தலைவரே, மணியைத் தொடுகிறீர்கள்? ஐயா, கோடிப் புண்ணியம் உண்டு, அதை மட்டும் அடித்துவிடாதீர்கள்! மணிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடியே பழகிய கால் இது. மேடையை விட்டு ஓடிவிடுவேன், பிறகு டிரைவர் கதை பாதியில் நிற்கும். சிரிக்கிறார், அனுமதி கொடுத்துவிட்டார்!

அலமாரி திறந்தது. செருப்புகள் கட்டிலடிக்கு வந்தன. முதல் நாள் டிரைவர் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான், அதற்கே வியர்த்தது. அடுத்து நின்றார். அடுத்து ஜன்னல் வரை. பிறகு கதவு வரை. புயல் இருக்கிறாளே, வேகத்துக்குப் பெயர் போனவள், அவர் பக்கத்தில் ஆமை போல நடந்தாள். "என்ன சிஸ்டர், உங்களுக்கும் கால் வலியா?" என்று அவரே கேலி செய்தாராம். மகனிடம் அந்த அக்கா போனில், "இப்பவே அங்க பணம் கட்டிடாதப்பா, மாசக் கடைசி வரைக்கும் பொறு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வார்டுக்கு வெளியே இருந்த படிக்கட்டில் ஏறி இறங்கப் பழகிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதுதான் பேச்சு.

படியில் ஏறினார். ஒரு நாள் ஏறினார், மறுநாளும் ஏறினார்.

மூன்றாம் நாள் விழுந்தார்.

ஆம் தாய்மார்களே, விழுந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும், டிரைவருக்குச் சறுக்காதா? புயல் ஒரு கையால் பிடித்திருந்தாள், பிடி நழுவியது, இரண்டு படி சரிந்து சுவரில் தலை இடித்தது. தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

இப்போது நினைத்துப் பாருங்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். "கட்டில் கம்பியில இடிச்சுகிட்டாரு" என்றால் முடிந்தது கதை. இந்த ஆண்டும் கேடயம் அவளுக்கே! ஆனால் புயல், அந்த நிமிடமே, தன் கைப்பட எழுதி அனுப்பினாள். பிறகு என்னைப் போனில் கூப்பிட்டாள். "அனுப்பிட்டேன்டி. உங்க பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாத்துவாரா?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவர் அறைக்குப் போனேன். காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எழுந்தார், குடையை எடுத்தார். "வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார். எத்தனையோ ஆண்டுகளாக விதி எழுதியவர், அன்றுதான் முதன்முறையாகத் தன் விதி போய்ச் சேர்ந்த கட்டிலைப் பார்க்கப் புறப்பட்டார்.

வார்டுக்குள் நுழைந்தோம். புயல் சுவரோரம் நின்றாள், அசையாத புயலை அன்றுதான் பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பயம், இனி யாரும் தன் வீட்டுக்காரரை நடக்க விடமாட்டார்கள் என்று. சதவீதம் சார் நேராக டிரைவரின் கட்டிலுக்குப் போனார். வீக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத்தான் தெரியும். அவர் பார்த்தது டிரைவரின் தலையை மட்டும் இல்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். "விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டல சார்" என்றார். வார்டே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்து டிரைவரும் விளையாட்டை விட்டுவிட்டார். "வலி கெடக்கட்டும் சார். நாளைக்கு மறுபடி படியேற விடுவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

சதவீதம் சார் புயலைத் திரும்பிப் பார்த்தார்.

"விழும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன் சார். பிடிச்சிருந்தேன். என் ஒரு கை போதல."

"அப்ப நாளைலேருந்து ரெண்டு பேரா பிடிச்சுக்கங்க" என்றார்.

கைத்தட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள்! மெமோ இல்லை, தடை இல்லை, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்ற பேச்சு இல்லை. ரெண்டு பேரா பிடிச்சுக்கங்க! அன்பர்களே, இது வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். இதுதான் கொள்கை! இரண்டு பேர் பிடிக்க வேண்டுமென்றால் வார்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருக்க வேண்டுமென்றால் ஆள் எடுக்க வேண்டும். ஆள் எடுக்கக் கோப்பு எழுத வேண்டும், கோப்புக்காக மேலே போராட வேண்டும். வண்டி வண்டியாகப் புள்ளிவிவரத்தை இறக்கிப் போராடினார் அந்த மனிதர். நான் அழுது வாதாடியிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. அவர் அந்தக் கட்டிலருகே நிற்காமல் எண்களை மட்டும் பார்த்திருந்தால், கேட்கவே தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது.

விதி மாறியது. விழாத வார்டுக்குக் கேடயம் என்பது போயிற்று. வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரையும் பற்றி, வரும்போது எப்படி நடந்தார், போகும்போது எப்படி நடக்கிறார் என்று கேட்கும் வழக்கம் வந்தது. நடக்கப் பழக்கும்போது விழுந்தால் மெமோவுக்குப் பதிலாக ஆள் வருகிறார், எதனால் என்று பார்க்க, என்ன வேண்டும் என்று கேட்க. விழுவது அடியோடு நின்றுவிடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது பக்கத்தில் ஆள் இருக்கும்போது விழுகிறார்கள்.

டிரைவர் என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? சுவரோரத்திலிருந்து ஒரு தம்பி கைகாட்டிக் கேட்கிறார். சொல்லாமல் விடுவேனா?

மாதக் கடைசியில் மகன் வந்தார். இல்லத்துக்கு அழைத்துப் போகக் காரோடுதான் வந்தார். புயல் அவரைப் படிக்கட்டுக்குக் கீழே நிற்க வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு நர்ஸ், அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், நடுவில் அப்பா, மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. மகன் காரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

பிறகு சில மாதம் போயிற்று. என் கால் சும்மா இருக்குமா? மருந்து கொடுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மாலையில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். மூன்று மாடி ஏறினேன். நடக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் விதி எழுதியவளுக்கு இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். கதவைத் தட்டினேன்.

அந்த அக்கா திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் நாற்காலி காலி. கட்டில் காலி. எத்தனை கட்டில்கள் காலியானதைப் பார்த்தவள் நான்! "அவரு எங்கேக்கா?" என்று கேட்டேன்.

அந்த அக்கா சலித்துக்கொண்டார். என் வாழ்நாளில் எந்தப் பட்டத்தைவிடவும், எந்தப் பாராட்டைவிடவும், நான் கேட்ட இனிமையான சலிப்பு அது.

"அவரு வீட்ல எங்கம்மா தங்குறாரு? காலைல இறங்கினா சாயங்காலம்தான் ஏறுறாரு!"

தங்கைகளே, தம்பிகளே, வார்டுக்குப் போகிறவர்கள் வார்டுக்குப் போங்கள். நாளை உங்களில் ஒருவரை ஏதோ ஒரு குழு அழைத்தால், தயங்காமல் போங்கள். எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இவ்வளவு நேரம் காது கொடுத்த கருணைக்கும், மணியடிக்காத தலைவரின் பெருந்தன்மைக்கும், நின்றபடியே கேட்ட சுவரோர நண்பர்களின் கால்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்கி என் இடத்துக்குத் திரும்புகிறேன். வணக்கம்!